அசனம் நின்ற வருஷம்

சங்கரன்கோவில்,
12–8–1949

தங்கச்சி ஞானாபரணத்துக்கு, அண்ணன் சுவிசேஷமுத்து எழுதுவது.

என் உடம்பில் புதிதாகக் குறை ஒன்றும் இல்லை. முழங்கால் பழையபடிதான். மாப்பிள்ளை காய்ச்சல் தெளிந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாய். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியாது. நீ பாளையங்கோட்டையில் போர்டிங்கில் இருந்து படித்தவள். நான் கல்லறைக் கல்லில் வெட்டியிருந்த பெயர்களைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன்.

இந்தப் புரட்டாசிப் பண்டிகைக்கு ஊரைக் கூட்டிச் சோறு போடுகிற அசனம் இல்லை. நிறுத்திவிட்டேன்.

மாப்பிள்ளை பிழைத்தால் இந்த வருஷத்து அசனச் சாப்பாடு முழுவதும் உன் செலவு என்று நேர்ந்துகொண்டு, உன் பங்கு வயலின் நெல்லையும் நான்கு கிடாய்களையும் என் பொறுப்பில் விட்டிருந்தாய். நெல் இப்போது நெல்லாக இல்லை, கிடாயும் கிடாயாக இல்லை. கிடாய்களைச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். திரும்பும்போது வண்டியில் நாட்டு ஓடும் கூரைக்குப் பனங்கையும் வந்தன. நெல் கொத்தனுக்குக் கூலியாகப் போகும்.

ஆனி மாதக் கடைசியில் கீழத்தெருவில் தீப்பிடித்தது. நம் வயலில் களை எடுக்க வருவாளே மாரித்தாய், அவள் குடிசை முதலில் எரிந்தது. அவள் புருஷன் சங்கரபாண்டி போன வருஷம் கிணறு வெட்டும்போது கல் சரிந்து இறந்துபோனதை எழுதியிருந்தேன். இரண்டு பெண் பிள்ளைகள். எரிந்த இடம் யாருக்குச் சொந்தமோ அவர், இனி அங்கே கம்பு நட்டுக் குடிசை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். தாயும் பிள்ளைகளுமாக மாட்டுப் பவுண்டுக் கொட்டகையில் படுத்துக் கிடக்கிறார்கள். பயிரை மேய்ந்து பிடிபட்ட மாடுகளோடு இவர்களும் அங்கே கிடக்கிறார்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போனேன். ஐந்தாவது ஞாயிறு நம் போதகர் ஐயர் வந்து, வீடில்லாதவர்களைக் குறித்துப் பிரசங்கம் பண்ணினார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும், அசனத்துக்கு எத்தனை பூசணிக்காய் வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். அங்கேயே, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடியே, சபை மூப்பன் என்ற முறையில் சொன்னேன்: இந்த வருஷம் அசனம் கிடையாது, என் வீட்டுக்கு வடக்கே கிடக்கிற என் மனையில் மாரித்தாய்க்கு ஓட்டு வீடு கட்டப் போகிறேன், இஷ்டமுள்ளவர்கள் கைகொடுக்கலாம் என்று.

ரேஷன் காலத்தில் முந்நூறு பேர் ஒரு வேளை சாப்பிட்டுக் கையைக் கழுவுவார்கள். சாயங்காலம் திரும்பவும் பசிக்கும். வீடு என்றால் முப்பது வருஷம் நிற்கும். உன் நேர்ச்சையை இதைவிட நல்லபடியாகச் செலுத்த முடியாது. உன்னைக் கேட்டிருக்கலாம் என்று நீ எழுதுவாய். கடிதம் கடல் தாண்டிப் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகிறது. மாடுகளோடு படுத்திருக்கிறவர்களுக்கு மூன்று வாரம் அதிகம்.

இப்படிக்கு
சுவிசேஷமுத்து


பண்டாரவளை,
29–8–1949

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை அழுகை வந்தது. மூன்றாவது தடவை ஒன்றும் வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

உங்கள் மாப்பிள்ளை அவர்கள் இருபத்தொரு நாள் கண் திறக்காமல் கிடந்தார்கள். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்த மனுஷனுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் தோட்டத்து டாக்டரே கையைப் பிசைந்தார். பதினேழாம் நாள் நான் முழங்காலில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்: ஆண்டவரே, இவரை எழுப்பிக் கொடும், நான் ஊருக்குப் போய், எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, வழியில் போகிறவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து, என் கையால் பரிமாறுகிறேன் என்று. பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள் நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எதைச் செய்கிறேன் என்றேனோ அதைத்தானே அண்ணன் செய்ய வேண்டும்? அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்து கணக்கு நேர் செய்ய ஆண்டவர் என்ன கடைக்காரரா?

புரட்டாசிக்கு வர லீவு எழுதி வாங்கியாகிவிட்டது. கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வந்து என்ன செய்ய? காலி வரிசைக்கு யார் பரிமாறுவது?

அவர்கள் சிரிக்கிறார்கள். “ஏட்டி, என் உயிருக்குன்னு நேர்ந்ததுல உங்க அண்ணன் வீடு கட்டுதாரு. நல்ல வேள, நான் பிழைக்கலேன்னா என்னத்தக் கட்டியிருப்பாரோ” என்கிறார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மாரித்தாய்க்கு வீடு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. அவள் கொட்டகையில் கிடக்கிறாள் என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால், நெல்லையும் கொடுத்து வயலையும் கொடுத்திருப்பேன். அசனத்துக்கு வேறு வழி பார்த்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. அம்மா போனபின் என்னை வளர்த்தது நீங்கள். எனக்கு நினைவு தெரிந்து நீங்கள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கொடுப்பீர்கள், எடுப்பீர்கள். கேட்க மாட்டீர்கள்.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியிருக்கிறேன்.

தங்கை
ஞானாபரணம்


சங்கரன்கோவில்,
2–10–1949

ஞானாபரணத்துக்கு,

தைலம் வந்தது. எரிகிறது. கேட்கிறதைப் பற்றி எழுதியிருந்தாய். கேட்டால் கொடுக்கிறவர்கள் கேட்காமலேயும் கொடுக்கலாம். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு பண்டிகை. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்து, எப்போதும் பந்தல் போடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் கஞ்சி குடித்தேன்.

நம் தெரு இருபத்தெட்டு வீட்டில் ஒரு வீட்டுக்காரனும் வேலைக்கு வரவில்லை. கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை மட்டும் தினமும் சாயங்காலம் வருகிறான். வேலை செய்ய இல்லை, பார்க்க. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்துவிட்டு, “அண்ணாச்சி, நேத்து என் வீட்டுக்காரி கேக்கா, அசனச் சோறு எங்கேன்னு. அந்தா செவுராக் காயுது, போய் ஒரு வாய் பிட்டுத் தின்னுட்டு வான்னு சொல்லிட்டு வாரேன்” என்கிறான். வேலையில்லாதவன் வாய்க்குத்தான் வேலை அதிகம் என்று சொன்னேன். அடுத்த நாளும் வந்தான்.

கொத்தன் பெருமாள்சாமி ஒருவன்தான் துணை. அவனுக்குக் கூலி நெல். நான் மண் மிதிக்கிறேன். அறுபத்து நான்கு வயதில் மிதித்தால் மண் மெதுவாகத்தான் குழைகிறது. மாரித்தாய் களை வேலை இல்லாத நாளில் வந்து மண் சுமக்கிறாள். கரிசல் தரை வெடிக்கும் என்று சரளைக் கல் தட்டுகிறவரை அஸ்திவாரம் தோண்டினோம். என் நெஞ்சு உயரம் போயிற்று. வேலையிடத்தில் ஒருவரிடமும் சொட்டுத் தண்ணீர்கூட வாங்குவதில்லை. சொம்பு என் வீட்டிலிருந்துதான் போகிறது.

ஐயர் வந்து பார்த்தார். வீடு நல்ல காரியம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சபைக்கு மனத்தாங்கல் இருக்கிறது, வருகிற ஞாயிறு எழுந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எனக்கு வருத்தம் இல்லையே ஐயா, இல்லாததை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுவர் நிலைமட்டம் வந்திருக்கிறது. நீ வராதது உன் இஷ்டம்.

சுவிசேஷமுத்து


(தபால் அட்டை)

சங்கரன்கோவில்,
9–11–1949

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஓடு வேய்ந்தாயிற்று. பனங்கையை மேலே ஏற்றும்போது இடது தோள் பிசகிவிட்டது. நேற்றிலிருந்து அடைமழை. உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்திலும் ஒழுகவில்லை. தெரியப்படுத்துகிறேன்.

சு.


பண்டாரவளை,
24–11–1949

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. எழுத உட்காருவேன், அண்ணன் என்று எழுதுவேன், அதற்கு மேல் பேனா போகாது. இங்கேயும் மழைதான். தோட்டத்தில் குடியுரிமைப் பேச்சு, யார் இருப்பது, யார் போவது என்று. அவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அதே பேச்சுத்தான். எதைக் கேட்டாலும் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

தோளுக்குக் கட்டுப் போட்டீர்களா? யார் கட்டினார்கள்?

வீட்டைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்றுகூட எனக்குத் தெரியும். மாரித்தாயைப் பற்றிப் போன கடிதத்திலும் அட்டையிலும் தேடினேன். மண் சுமக்கிறாள் என்று ஒன்று இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாள்? வீடு கட்டப்போவதாகச் சொன்னபோது என்ன சொன்னாள்? பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்களா? இந்நேரம் குடி போயிருப்பாள். போனது எப்படி என்று எழுதுங்கள். என் நெல்லுக்கு அதையாவது தெரிந்துகொள்ளுகிறேன்.

ஞானாபரணம்


சங்கரன்கோவில்,
18–12–1949

ஞானாபரணத்துக்கு,

அவள் குடி போகவில்லை.

கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்ச் சாணம் தெளித்து மெழுகினாள். பிள்ளைகள் இரண்டும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தன. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் என் வாசல்படியில் சாவி இருக்கிறது. அவர்கள் பவுண்டுக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

கூப்பிட்டுக் கேட்டேன். பேசவில்லை. மறுநாளும் கேட்டேன். பேசவில்லை. அதற்குள் கோயில்பிள்ளை தெரு முழுக்கச் சொல்லிவிட்டான், அண்ணாச்சி வீடு பேய்க்குக் கட்டியது என்று. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் அடங்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று, உனக்காகத் தோளை முறித்துக்கொண்டேன், ஊரைப் பகைத்துக்கொண்டேன், கூடப் பிறந்தவளையும் பகைத்துக்கொண்டேன், உனக்கு என்ன குறை என்று சத்தம் போட்டேன். மாடுகள் திரும்பிப் பார்த்தன. அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“அண்ணாச்சி, மண்ணுக்குத் தண்ணி எடுக்க உங்க தெருக் கெணத்துக்குப் போனா, ஊர்ச் சோத்த வயித்துல போட்டவ வாரான்னு வாளியத் தூக்கிட்டுப் போயிருதாக. சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு அது பெருசில்ல. முன்ன, வருசத்துல அசனத்தன்னைக்கு ஒரு நாளுதான் நானும் எம் பிள்ளைகளும் உங்க தெருவுக்குள்ள வருவோம். வரிசையில உக்காருவோம். ஏன் வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. பெரியவ, அடுத்த அசனம் எப்பம்மான்னு மாசியிலயே கேக்க ஆரம்பிச்சிருவா. அத எடுத்து எனக்கு வீடாக் கட்டிட்டீக. இனி நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அங்கன இருக்க?”

தெருக்காரர்கள் பேச்சு நாலு மாதத்தில் அடங்கிவிடும், நான் இருக்கிறேன் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

“நீங்க இருக்கீக. நாலு மாசம் பக்கத்துல நின்னு மண்ணு சொமந்தேன். வேத்து விறுவிறுத்து நிக்கீகளேன்னு மூணு தடவ தண்ணி கொண்டாந்து நீட்டினேன். வேண்டாம், தாகமில்லன்னுட்டீக. அங்கிட்டுப் போயி உங்க சொம்புல குடிச்சீக. நான் பாத்தேன்.”

நான் திரும்பி வந்துவிட்டேன்.

நான் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை. உனக்குத் தெரியும். அப்பா காலத்தில் கோயிலில் கீழத்தெருக்காரர்களுக்குத் தனிப் பாய் இருந்தது. அதை எடுத்துப் போட்டவன் நான்தான். யாரிடமும் ஒன்றும் வாங்கக் கூடாது என்றுதான் என் சொம்பைக் கொண்டுபோனேன். பெருமாள்சாமி பெண்சாதி ஒரு நாள் மோர் கொண்டுவந்தாள். அதை வாங்கிக் குடித்தேன் என்பது இப்போது எழுதும்போது ஞாபகம் வருகிறது.

கிறிஸ்மஸ் வருகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சுவிசேஷமுத்து


பண்டாரவளை,
5–1–1950

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கடைசி வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். உங்க அண்ணனா இப்படி எழுதினாரு என்று கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள்.

உங்களைச் சொல்லால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேர்ச்சையில் என்ன சொன்னேன்? எல்லாரையும் உட்காரவைத்து என் கையால் பரிமாறுகிறேன் என்றேன். பரிமாறுகிறவள் நான், உட்காருகிறவர்கள் அவர்கள். சின்ன வயதிலிருந்து ஒரே பந்தி, ஒரே பந்தி என்று பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பந்தியில் என்றைக்காவது கரண்டி அவர்கள் கைக்குப் போயிருக்கிறதா? அவர்கள் வீட்டில் வெந்ததை நாம் ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறோமா? இத்தனை படித்தும் எனக்கு இது தோன்றியதில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. மாரித்தாய்க்குத் தெரிந்திருக்கிறது, அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

தெருக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் அசனம் நின்றதற்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? நம் தெருவில் அவள் குடிவருவதற்காகவும்தான். அசனம் என்ற பேச்சு அவர்கள் வாய்க்குச் சௌகரியமாகக் கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தது நீங்கள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே இருந்துகொண்டு யோசனை சொல்லுவது சுலபம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்களாக ஒன்றை முடிவு செய்து அவள் தலையில் கட்டாதீர்கள். போய் அவளிடம் கேளுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் நில்லுங்கள்.

ஞானாபரணம்


சங்கரன்கோவில்,
8–2–1950

ஞானாபரணத்துக்கு,

நீ எழுதியதற்காக நான் போகவில்லை. உன் கடிதம் வந்து பத்து நாள் அதைத் திண்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். பதினோராம் நாள் காலையில் எனக்காகவே போனேன்.

அவள் சோள அறுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. சின்னது போய்த் தாய் பின்னால் ஒளிந்துகொண்டது. மாரித்தாய் அரிவாளைக் கீழே வைத்தாள். நெடுநேரம் யோசித்தாள். நீ சொன்னபடி நின்றேன். முழங்கால் வலித்தது.

“அறுப்பு முடிஞ்சதும் அந்த வீட்டுல ஒரு நாள் நான் சமைக்கேன். உங்க தெருக்காரக வந்து உக்காந்து சாப்பிடட்டும். சாப்பிட்டாகன்னா அங்கன இருக்கேன். வரலேன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன். சாவியப் பத்திப் பெறகு பேச வேண்டாம்.”

நெல் தருகிறேன் என்றேன். வேண்டாம், என் கூலிச் சோளம் இருக்கிறது என்றாள். யார் போய்க் கூப்பிடுவது என்று கேட்டேன். நான் கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும் என்றாள்.

இருபத்தெட்டு வீட்டுக்கும் போனேன். என் பேரில் கூப்பிடவில்லை. மாரித்தாய் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சில வீட்டில் சொல்லி முடிக்குமுன் வெளியூர் போகிற வேலை வந்துவிட்டது. ஒரு வீட்டில், பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். நிற்கச் சொன்னார்களே தவிர உட்காரச் சொல்லவில்லை. இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் கோயில்பிள்ளை வீடு மிச்சம். அவன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“இருபத்தஞ்சு வருசத்துல என் வாசலுக்கு ஒரு தடவ வந்திருக்கீரு, எங்கய்யா செத்த அன்னைக்கு. அன்னைக்கும் வெளிய நின்னுட்டுப் போயிட்டீரு” என்றான்.

இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறேன், அவள் கூப்பிடுகிறாள், வருவதும் வராததும் உன் இஷ்டம் என்றேன். கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பிப் பத்தடி நடந்திருப்பேன்.

“அண்ணாச்சி. நீரு சாப்பிடுவீரா?”

சாப்பிடுவேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடுவேன் என்றேன்.

சனிக்கிழமை வெயில் உச்சிக்கு ஏறுகிறவரை ஒருவரும் வரவில்லை. முற்றத்தில் பெருமாள்சாமி இரண்டு பாயை விரித்துவிட்டு வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே சோளச்சோறும் மொச்சைக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி நிலையில் சாய்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றிருந்தது.

பிறகு கோயில்பிள்ளை வந்தான். நான் சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான் வந்தான், வேறு காரணம் இல்லை. அவன் பெண்சாதியும் வந்தாள். அவர்களைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒன்பது வீட்டிலிருந்து ஆள் வந்தது. பத்தொன்பது வீட்டிலிருந்து வரவில்லை. எல்லாரும் வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

இலை போட்டதும் நான் வழக்கம்போல உள்ளே போய்ச் சோற்றுப் பானைப் பக்கம் நின்று கரண்டியை எடுத்தேன். முப்பது வருஷம் அசனத்தில் நான் நின்ற இடம் அதுதான். உட்கார்ந்து சாப்பிட்டது ஒரு தடவையும் கிடையாது, எல்லாரும் போனபின் வீட்டில்தான் சாப்பிடுவேன். மாரித்தாய் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். பிடுங்கவில்லை. கையை நீட்டினாள், நான் கொடுத்தேன்.

“நீங்க போய் உக்காருங்க” என்றாள்.

கோயில்பிள்ளைக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. முழங்காலை மடக்கி உட்காருவதற்கே நேரம் ஆயிற்று. அவன்தான் தோளில் கைகொடுத்து இறக்கிவிட்டான், பிசகின தோளில். வலித்தது, சொல்லவில்லை. அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். வரிசை முழுவதும் கையை மடியில் வைத்துக்கொண்டு என் இலையைப் பார்த்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன் என்பது உண்மை. சாதி தடுத்ததா, அவமானம் தடுத்ததா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். தண்ணீர் கேட்டேன். தன் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பிறகு வரிசையில் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

“மொச்சையில உப்பு தூக்கல்” என்றான் கோயில்பிள்ளை. மாரித்தாய், “ஒமக்குப் பாத்துப் போட்டதுதான், வாய் நெறைய உப்பிருந்தா பேச்சுக் கொறையுமாம்” என்றாள். ஒன்பது வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அவள் இப்படிப் பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது.

நான் சபையில் எழுந்து வருத்தம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஐயருக்கும் அதை எழுதிவிட்டேன். வீடு கட்டியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உன்னிடம் கேட்காதது சரியில்லை. அவளிடம் கேட்காதது அதைவிடச் சரியில்லை. இதை இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே. உன் நேர்ச்சை அப்படியேதான் நிற்கிறது, அதை நான் செலுத்திவிட்டதாக இனிச் சொல்ல மாட்டேன். எப்போது, எப்படி என்பது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. இந்தப் போகத்து நெல்லை நான் தொடவில்லை. பத்தாயத்துச் சாவி பெருமாள்சாமியிடம் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவி எல்லாரும் கிளம்பினார்கள். நான் கடைசியில் எழுந்தேன். மாரித்தாய் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்து நிலைக்கு உள்பக்கம் நின்றாள். பிள்ளைகள் இரண்டும் அவளை ஒட்டி நின்றன. நான் வாசலுக்கு வெளியே நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். மூன்று மாதமாகப் பூட்டும்போதும் திறக்கும்போதும் என் மனை, என் சுவர், என் பனங்கை என்று பார்த்த வாசல். இப்போது வெளியே நிற்கிறவன் நான்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுவிசேஷமுத்து